பெனடிக்ற் செய்த நாலு பாவசங்கீர்த்தனங்கள்

லண்டனுக்கு வந்து எட்டு வருஷத்தில் பெனடிக்ற் ஒரு பாஷையை நன்றாகப் படித்துக்கொண்டான். அது ஆங்கிலம் அல்ல, துருக்கி. இதைக் கேட்டுச் சிரிக்காத தமிழன் தோர்ண்டன் ஹீத்தில் இல்லை. என்ன செய்வது? குரோய்டனில் அவனுடைய விசா விசாரணை இழுபட்டுக் கிடந்த காலத்தில், வேலை செய்யலாம் என்று கடிதம் வந்த கையோடு அவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது ஒரு துருக்கிக்காரனின் லோண்டரி. ஹோட்டல் படுக்கை விரிப்புகளும் மேசைத் துணிகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. முதலாளி ஹாலித் துருக்கி, மெஷினுக்குத் துணி போடுகிற யூசுப் துருக்கி, மடிக்கிற பெண்கள் அத்தனை பேரும் துருக்கி. சுவரில் தொங்கிய காலண்டர்கூடத் துருக்கி. அந்தக் கூட்டத்துக்குள் யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பெனடிக்ற் ஒருவன் பெரிய இஸ்திரி உருளைக்கு முன்னால் நின்று விரிப்புகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்தில் பகிடி விளங்கியது, மூன்றாம் வருஷத்தில் தானும் பகிடி விட்டான். ஹாலித்தை அவர்களைப் போலவே 'அபி', அதாவது அண்ணை என்று கூப்பிடுவான். ஆங்கிலத்தில் பள்ளிக்கூட ரீச்சரோடு நாலு வசனம் பேசச் சொன்னால் மட்டும் அவனுக்கு வியர்த்துவிடும்.

"அப்பா, ப்ளீஸ், நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ, ஐ வில் டோக்" என்று எட்டு வயது மகள் ஜெனோஜா அவனைத் தள்ளிவிட்டு ரீச்சருக்கு முன்னால் போய் நிற்பாள். துருக்கிக்காரர் பேசுவது மட்டும் அவன் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழும். ஆகவே இந்தக் கதையிலும் அவர்கள் அப்படியே பேசட்டும்.

ஆள் நல்லவன். ஒரேயொரு குறை, சபையில் யாராவது ஒரு வேலையைச் சொன்னால் முதலில் எழும்புவது அவன் வாய்தான். 2006 மாசி மாதம் தமிழ்ச் சனம் சேர்ந்து லூர்து மாதா திருநாள் கொண்டாடியது. சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் கார் நிறுத்தும் இடத்தைச் சுற்றி வரும்போது பிள்ளைகள் பிடிப்பதற்கென்று ஊரிலிருந்து எடுப்பித்த பன்னிரண்டு சிவப்புக் கொடிகள். பொன்னிற நூலால் 'மரியே வாழ்க' என்று எழுதியிருக்கும். லண்டன் மழைக்கு மாதாவும் தெரியாது, மரியாதையும் தெரியாது. கொடி பன்னிரண்டும் சேறு. "இதை ஆர் தோய்க்கிறது?" என்று தமிழ்ச் சுவாமியார் கேட்டு முடிக்கவில்லை, "என்னட்டை விடுங்கோ சுவாமி, நான் லோண்டரியிலைதானே நிக்கிறன்" என்று பெனடிக்ற் கையை நீட்டிவிட்டான்.

வீட்டில் குளிர்ந்த தண்ணீரில் கையால் கசக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இவனுக்குத்தான் பெரிய மெஷின் இருக்கிறதே! சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒருவரிடமும் கேட்காமல், விரிப்புத் தோய்க்கிற கொதிநீர் ஓட்டத்தில் கொடிகளைப் போட்டுவிட்டான். சாயம் போய் வெளிறிப்போன கொடிகளை அள்ளிப் பைக்குள் அடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால் பதினொன்று. பன்னிரண்டாவது கொடி மெஷினுக்குள்ளேயே எங்கோ ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பூட்டு. திங்கள் வெள்ளன போய் எடுத்துவிடலாம் என்று நினைத்தான். திங்கள் பார்த்து பஸ் பிந்தியது.

அவன் போய்ச் சேர்ந்தபோது ஹோட்டல் விரிப்புகள் முந்நூறும் ரோஜாப்பூ நிறத்தில் குவிந்து கிடந்தன. ஹாலித் யூசுப்பின் முகத்துக்கு நேரே நின்று கத்திக்கொண்டிருந்தான். துணி போடுவதற்கு முன் மெஷினுக்குள் தலையை விட்டுப் பார்க்க வேண்டும் என்பது யூசுப்பின் வேலை. அன்று பார்க்கவில்லை. "குருடனே! நித்திரை கொள்ளுறதுக்கோ இஞ்சை வாறாய்?" பதினொரு பேர் கையில் வேலையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்கள். யூசுப் மேலங்கியைக் கழற்றிக் கொளுவியில் தொங்கவிட்டுவிட்டுப் போனான். போகும்போது பெனடிக்ற்றின் தோளைத் தட்டி, "வாறன் அண்ணை" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான்.

பெனடிக்ற் வாயே திறக்கவில்லை. சபையில் முந்துகிற அந்த வாய் அன்றைக்கென்று பூட்டுப் போட்டுக்கொண்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். 'உள்ளே பாராமல் போட்டது அவன்ரை பிழைதானே' என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். பஸ்ஸில் சொன்னான், குளிக்கும்போது சொன்னான். சொல்லச் சொல்ல அதில் உண்மை குறைந்துகொண்டே வந்தது.

அதற்குப் பிறகு பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க அவன் எழும்புவதில்லை; பாவத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அதை வாங்கக்கூடாது. முதல் ஞாயிறு தலையிடி என்றான், அடுத்தது இருமல். பங்குச் சனத்தின் கண் லேசுப்பட்டதா? யார் நன்மைக்குப் போனார்கள், யார் போகவில்லை என்று முழந்தாளில் நின்றபடியே கணக்கெடுத்துவிடுவார்கள். மனைவி றோஸ்மலருக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்சேருங்கோ, ஆனி மாசம் மூண்டாம் ஞாயிறு பிள்ளைக்கு முதல் நன்மை. தாய் ஒரு பக்கம், தேப்பன் ஒரு பக்கம் நிண்டு மூண்டு பேரும் சேர்ந்து வாங்க வேணும். அண்டைக்கும் இருமப் போறியளோ?"

அதுதான் அவனைக் குடைந்தது. பிள்ளை வெள்ளைச் சட்டையோடு பீடத்துக்குப் போகும்போது பக்கத்தில் நடக்க வேண்டும். அதற்கு முன் இந்தக் கறுமத்தை நெஞ்சிலிருந்து இறக்கியாக வேண்டும்.

தமிழ்ச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. கொடியைக் கொடுத்தவரே அவர், போதாததற்கு றோஸ்மலருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சுவாமியார் இரகசியத்தை வெளியே விடமாட்டார்தான். ஆனாலும் அவர் வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போது எந்த முகத்தோடு குழம்பு ஊற்றுவது? ஆகவே ஒரு சனிக்கிழமை பின்னேரம், பங்கில் இருந்த கிழட்டு ஐரிஷ் சுவாமியாரிடம் போனான். மூன்று நாள் இருந்து அகராதி பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போன ஆங்கிலம். பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள் இருந்த இருட்டில் காகிதம் தெரியவில்லை. அது கிடக்கட்டும் என்று, கொடி, மெஷின், விரிப்பு, நண்பன், வேலை என்று துண்டு துண்டாகச் சொன்னான். சுவாமியார் பொறுமையாகக் கேட்டார். செய்த பாவத்துக்காக மனஸ்தாபப்படுகிறாயா என்று கேட்டார். ஓம் என்றான். முடிந்தால் அந்த மனிதனுக்கு ஏதாவது நன்மை செய், மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல், சமாதானமாய்ப் போ என்றார்.

மூன்று! நாலு மாதமாக நித்திரை இல்லாமல் புரண்டதற்கு வெறும் மூன்று அருள் நிறைந்த மரியே! கோயில் வாங்குப் பலகையில் இருந்து இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டான். முடிந்ததும் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். பாரம் போட்ட இடத்திலேயே கிடந்தது. முப்பது சொல்லச் சொல்லியிருந்தாலும் ஒரு ஆறுதல் இருந்திருக்கும் என்று அவனுக்குச் சுவாமியார் மேலேயே எரிச்சல் வந்தது. முடிந்தால் என்றாரே, அந்த 'முடிந்தால்' வேறு அவனைத் துரத்திக்கொண்டு வந்தது.

சரி, முதலாளியிடமே சொல்லிவிடுவோம் என்று செவ்வாய்க்கிழமை ஹாலித்தின் கண்ணாடி அறைக்குள் நுழைந்தான். துருக்கியில் நெருப்பாகப் பேசலாம், அகராதி தேவையில்லை.

"அபி, நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேணும்."

ஹாலித் எழும்பிக் கதவைச் சாத்தினான். "ஒப்புக்கொள்ளுறதோ? அது பொலிசிலை செய்யிற வேலை. இஞ்சை ஆர் உன்னைக் கேட்டது?"

"அந்த விரிப்புகளைப் பழுதாக்கினது நான்."

"தெரியும்."

"தெரியுமோ?"

"அண்டைக்கு நான்தானே மெஷினைக் கிண்டினது. சிவப்புத் துணியிலை உங்கடை சுருட்டை எழுத்து. எங்கடை ஆக்களிலை ஆர் அப்பிடி எழுதுறது?"

"பிறகேன் யூசுப்பை நிப்பாட்டினனீங்கள்?"

"அவன் சும்மா சும்மா லீவு கேக்கிறான், சட்டம் கதைக்கிறான். நீ ஏழு வருஷமா ஒண்டும் கேக்கேல்லை. நல்ல பிள்ளை. போ, உருளை சும்மா ஓடுது."

அட பாவி! தான் வாய் திறவாமல் இருந்ததால் நண்பனின் வேலை போனது என்றுதான் பெனடிக்ற் இத்தனை நாளும் வெந்தான். இப்போது பார்த்தால் ஏழு வருஷமாக வாய் திறவாமல் இருந்ததற்கே ஹாலித் கொடுத்த பரிசு அது. நல்ல பிள்ளையாம். அன்று முழுக்க விரிப்புகளை உருளைக்குள் தள்ளும்போது ஒவ்வொன்றும் ஹாலித்தாகத் தெரிந்தது.

மடிக்கிற பெண்களில் மூத்தவள் குலிசார். ஐம்பத்தைந்து வயது, தலைக்குத் துணி கட்டியிருப்பாள், கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. தேத்தண்ணி நேரத்தில் அவளிடம் மெல்லக் கேட்டான். "அக்கா, உங்கடை சமயத்திலை ஒருத்தன் பாவம் செய்தால் ஆரிட்டைச் சொல்லுறது?"

"ஒருத்தரிட்டையும் சொல்லுறேல்லை. அல்லா மூடி வைச்சதை நீ ஏன் திறக்கிறாய்? நீங்கள் ஒரு பெட்டிக்குள்ளை போய்ப் பாவத்தைப் பிடுங்கிறியளாமே, பல்லுப் பிடுங்கிற மாதிரி." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "ஆனால் இன்னொரு மனிசனுக்குச் செய்ததெண்டால் கதை வேறை. அதை அல்லாவும் மன்னிக்க மாட்டார். அந்த மனிசனிட்டைத்தான் போக வேணும். 'உன்ரை உரித்தை எனக்கு ஹெலால் ஆக்கு', என்னட்டை உனக்குள்ள கடனை மனசார விட்டுத் தா எண்டு கேக்க வேணும். அவன் 'ஹெலால்' எண்டு சொன்னால்தான் உனக்கு விடுதலை."

ஹலால் என்றால் பெனடிக்ற்றுக்கு இறைச்சிக்கடைப் பலகைதான் தெரியும். கேட்டபோது இது தனக்காகவே வைத்திருந்த வழி என்று பட்டது. ஆங்கிலத்தில் சுவாமியாருக்குச் சொல்வதற்கும் பொலிசுக்குச் சொல்வதற்கும் 'கொன்பெஸ்' என்ற ஒரே சொல்தான். கவுன்சில் நடத்திய ஆங்கில வகுப்பில் படித்திருக்கிறான். அங்கே குற்றவாளியும் கேட்கிறவரும் இருந்தால் போதும், இழந்தவன் வர வேண்டியதில்லை. துருக்கிக்காரர் அவனையல்லவா கதிரையில் இருத்தி வைத்திருக்கிறார்கள்!

அடுத்த சனிக்கிழமை விக்டோரியாவுக்கு ரயில், அங்கிருந்து நிலத்தடி ரயில், பிறகு இருபத்தொன்பதாம் நம்பர் பஸ். கிரீன் லேன்ஸில் ஒரு தேத்தண்ணிக் கடையில் யூசுப் கிளாஸ் கழுவிக்கொண்டிருப்பதாகக் குலிசார் சொல்லியிருந்தாள். அவனைக் கண்டதும் யூசுப் ஈரக்கையோடு ஓடிவந்து கட்டிப்பிடித்தான். மூலை மேசையில் இருத்தித் தேத்தண்ணி வைத்தான். பெனடிக்ற் தேத்தண்ணியைத் தொடவில்லை. வரும் வழியெல்லாம் பாடமாக்கிய வசனத்தை ஒரே மூச்சில் விட்டான்.

"யூசுப், உன்ரை உரித்தை எனக்கு ஹெலால் ஆக்கு."

"ஐயோ அண்ணை, ஊருக்கோ போறியள்? அங்கை திரும்பச் சண்டையெண்டு ரிவியிலை காட்டுறாங்கள்!" யூசுப்புக்குக் கண் கலங்கியது. தூரப் பயணம் போகிறவர்கள் எல்லோரிடமும் இப்படிக் கேட்டுவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். "ஹெலால் அண்ணை, ஆயிரம் தரம் ஹெலால். நீங்களும் எனக்குச் சொல்லுங்கோ."

முடிந்தது! கேட்டது கிடைத்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே பஸ் வந்து நிற்பதும் தெரிந்தது. எழும்பிப் போனால் அடுத்த ஞாயிறு பிள்ளையோடு நடக்கலாம். பெனடிக்ற் கதிரையை அரைவாசி பின்னுக்குத் தள்ளினான். ஆனால் அந்த மடையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றானே, அதுதான் பொறுக்கவில்லை. திரும்ப இருந்து எல்லாவற்றையும் சொன்னான். கொடி, கொதிநீர், திங்கட்கிழமை. ஹாலித்துக்குத் தெரிந்திருந்ததை மட்டும் விட்டுவிட்டான். சொன்னால் தன் பாவத்தில் பாதியை இறக்கி வைப்பது போலாகிவிடும் என்று பட்டது.

யூசுப்பின் முகம் கறுத்துப்போனது. பேசியபோது 'நீங்கள்' போய்விட்டது.

"நான் சொன்ன ஹெலாலைத் திருப்பி எடுக்கிறன்."

"திருப்பி எடுக்கலாமோ?"

"என்ரை சாமான், நான் எடுப்பன். பதினொரு பேருக்கு முன்னாலை ஹாலித் என்னைக் குருடன் எண்டு பேசினவன். என்ரை மனிசி நாலு மாசமா அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுறாள். நீ இஞ்சை வந்து மூலையிலை இருந்து காதுக்குள்ளை குசுகுசுக்கிறாய். அவமானம் சந்தையிலை, ஒப்புக்கொள்ளுறது சமையலறையிலையோ? போ. அந்தப் பதினொரு பேருக்கும் சொல்லு. பிறகு பாப்பம்."

பஸ்ஸில் திரும்பும்போது பெனடிக்ற்றுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எத்தனை தரம் ஒரு மனிசன் ஒரே குற்றத்தை ஒப்புக்கொள்வது? கடவுளுக்குச் சொன்னால் மலிவு, முதலாளிக்குச் சொன்னால் பழசு, இழந்தவனுக்கே சொன்னால் போதாது. கோதாரி பிடிச்ச கொடி!

அந்தக் கிழமை முழுக்கத் துணிவைத் தேடித் தேடி, வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. தேத்தண்ணி நேரம். எல்லோரும் பலகைகளில் இருந்தார்கள். பெனடிக்ற் இஸ்திரி உருளையை நிறுத்தினான். அந்தச் சத்தம் நின்றதும் எல்லாத் தலையும் திரும்பியது.

"விரிப்பைப் பழுதாக்கினது யூசுப் இல்லை. நான். கேக்காமல் கோயில் துணியை மெஷினிலை போட்டனான். அவனைப் பேசேக்கை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான்."

ஒருத்தி பிஸ்கட்டைக் கடித்தாள். குலிசார் மட்டும் மெல்லத் தலையை ஆட்டினாள். கண்ணாடி அறைக் கதவு படாரென்று திறந்தது. ஹாலித் வந்தான். என்ன நடிப்பு! சினிமாவில் போய் நின்றிருக்கலாம்.

"நீயோ! நீயோ செய்தனி? நாலு மாசமா என்னை ஏமாத்தினியோ? ஒரு அப்பாவியை என்னைக் கொண்டு துரத்த வைச்சியோ?"

பெனடிக்ற் அவன் கண்ணைப் பார்த்தான். 'உனக்குத் தெரியும்' என்ற வார்த்தை நுனிநாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? வேலை போகிறவன் பழி போடுகிறான் என்பார்கள். விழுங்கிக்கொண்டான். ஏழு வருஷ வேலை அரை நிமிடத்தில் முடிந்தது. மேலங்கியைக் கழற்றி அதே கொளுவியில் தொங்கவிட்டான்.

ஞாயிறு வந்தது. கோயில் முற்றத்தில் வெள்ளைச் சட்டைகளும் தலையில் பூவளையங்களுமாகப் பிள்ளைகள். றோஸ்மலர் வேலை போனதற்கு வெள்ளி இரவே அழுது முடித்துவிட்டாள். விஷயம் முழுவதையும் கேட்டு, "இவ்வளவையும் வைச்சுக்கொண்டோ இருமினனீங்கள்" என்றாள், அவ்வளவுதான். யூசுப்பிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. பூசை தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பெனடிக்ற்றின் போன் அடித்தது.

"பெனி அண்ணை, குலிசார் அக்கா எல்லாம் சொன்னவ. என்ரை மனிசிக்கும் சொன்னவ." யூசுப்பின் குரல் தளர்ந்திருந்தது. "ஹெலால் அண்ணை. இந்த முறை தெரிஞ்சுகொண்டு சொல்லுறன்."

பெனடிக்ற்றுக்கு மூச்சு நெஞ்சின் அடி வரைக்கும் போனது.

"அண்ணை, இன்னுமொண்டு. எல்லாருக்கும் முன்னாலை அப்பாவி எண்டு சொல்லிப்போட்டு விட முடியாமல், ஹாலித் அபி என்னை நாளைக்குத் திரும்ப வரச் சொல்லிட்டார். உங்கடை இஸ்திரி மெஷினுக்கு என்ரை மச்சானைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர். அவன் ஒரு வருஷமா வேலை இல்லாமல் நிக்கிறான். மூண்டு பிள்ளையள். இப்ப நீங்கள் எங்களுக்கு ஹெலால் சொல்ல வேணும். இல்லாட்டி அந்தச் சோறு எங்களுக்குச் செமிக்காது."

வந்த மூச்சு அப்படியே நின்றது. என்னுடைய மெஷின்! என் கை சுட்டுச் சுட்டுப் பழகிய உருளை! வேலையையும் கொடுத்து, வாழ்த்தும் சொல்லி அனுப்ப வேண்டுமாம்.

"ஓம் ஓம், ஹெலால்" என்றான் பல்லுக்குள்ளால்.

"இப்பிடி வேண்டாம் அண்ணை. அண்டைக்கு நான் வாயாலை சொன்னது காணாது எண்டுதானே நீங்கள் திரும்ப இருந்து உண்மையைச் சொன்னனீங்கள்."

"அப்ப எனக்கு நாள் வேணும்!"

"எவ்வளவு?"

"நாலு மாசம்!"

"சரி அண்ணை. நியாயம்தான். அதுவரைக்கும் நான் மச்சானை அனுப்ப மாட்டன். ஹாலித் அபிக்கு ஏதாவது சாட்டுச் சொல்லுறன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால் செய்வான், அந்த விசரன். ஒரு வருஷமாக வீட்டில் கிடக்கிற ஒருவன், முகம் தெரியாத மூன்று பிள்ளைகள், இன்னும் நாலு மாதம். உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டது. வாசலில் நின்று றோஸ்மலர் கையை வீசிக் கூப்பிட்டாள். ஜெனோஜா சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனிடம் ஓடிவந்தாள்.

"அவன் போகட்டும்!" என்று பெனடிக்ற் போனுக்குள் துருக்கியில் கத்தினான். "நாளைக்கே போகட்டும்! ஹெலால்! கேட்டுதோ? ஹெலால்! முழுக்க ஹெலால்! வை போனை!"

முற்றத்தில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தமிழ்ச் சுவாமியாரும் பார்த்தார். ஜெனோஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்பா! எல்லாரும் பாக்கினம். ஆரோடை சண்டை பிடிக்கிறீங்கள்?"

"சண்டை இல்லை, பிள்ளை. ஒரு ஆளை மன்னிச்சனான்."

"தென் வை ஆர் யூ ஷவுட்டிங்?"

பெனடிக்ற் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்தான். அவனுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"மெல்லச் சொல்லிப் பாத்தனான், பிள்ளை. வருகுதில்லை."